கருப்பியின் திமில்

என் பூனை கருப்பியின் தோள்பட்டைத் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து ஊசி ஏற்றினேன். 100 மில்லி ரிங்கர் லாக்டேட், உடம்பில் நீர்ச்சத்து ஏற்றும் உப்புக் கரைசல். இறங்கி முடித்ததும் முதுகில் சின்னதாய் ஒரு வீக்கம். அதைச் சுமந்துகொண்டே ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

14 வயது. சிறுநீரகக் கோளாறு.

"நிறையத் தண்ணி குடிக்குது, நல்லதுதானே?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வயதான பூனைக்கு அது நல்ல சேதி இல்லை, அக்கா.

சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும்போது சிறுநீரகத்தின் வேலை முக்கால்வாசி போயிருக்கும். எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்தச் சோதனை கொஞ்சம் முன்பே காட்டிக்கொடுக்கும். ஆனால் வீட்டில் நம் கண்ணுக்குத் தெரிவது பூனை சிறுநீர் கழிக்கும் மணல் தட்டுதான். ஈரக்கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போகும். எந்த டாக்டரையும்விட, தினமும் அதை அள்ளுகிறவருக்கே முதலில் தெரியும்.

இப்போது பாஸ்பரஸ் குறைந்த உணவு. விலையைக் கேட்காதீர்கள். அவளோ கருவாடு கேட்டுக் கத்துகிறாள்.