பலாச்சுளைக் கதவு

பெப்ரவரி 3
மொறட்டுவையிலிருந்து கதவு வந்துவிட்டது. பலாமரம், ஒன்றரை அங்குலத் தடிப்பு. லொறியிலிருந்து இறக்கவே மூன்று பேர் தேவைப்பட்டோம். பழைய தேக்கு நிலை காலத்தில் கறுத்தது. அதில் சாய்த்து வைத்தால் கதவு பலாச்சுளை மாதிரி மஞ்சளாய்ச் சிரிக்கிறது. "பலா தானாகவே கறுக்கும், எதுக்கு வீணா நிறம் பூசுறாய்?" என்றார் அம்மா. உண்மைதான். அதுவரை யார் பொறுத்திருப்பது?

பெப்ரவரி 4
நாள் முழுக்கத் தேய்ப்பு. முதலில் 120 நம்பர் சாண்ட் பேப்பர், பிறகு அதைவிட நைசான 180, இரண்டும் ரேகை போகும் திசையிலேயே. அதோடு நிறுத்திவிட்டேன். மேலும் வழவழப்பாக்கினால் மரம் ஸ்டெயினை, அதாவது மரத்தில் ஊறுகிற நிறத்தை, குடிக்காது. நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

பெப்ரவரி 6
கொழும்பு பழைய சோனகத் தெருவில் பூட்டு வாங்கினேன். கதவுக்குள் புதைக்கிற வகை, பித்தளை. எங்கள் வெள்ளவத்தையில் கடற்காற்று சும்மா விடாது. முன்பிருந்த இரும்புப் பூட்டில் திறப்பைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது. "கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று கடைக்காரர் கேட்டார். யோசிக்காமல் ஏதோ சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 7
காலையிலேயே ஸ்டெயின். துண்டு மரத்தில் பூசிப் பார்த்துவிட்டுத்தான் கதவில் கை வைத்தேன். பூசி, பத்து நிமிடம் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ரேகைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பலகை சேரும் ஒரு மூட்டில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு வெளிறிய திட்டு. பசை பிதுங்கிக் காய்ந்த இடம். அங்கே நிறம் ஏறவே இல்லை. உளி முனையால் சுரண்டி, தேய்த்து, திரும்பப் பூசினேன். உற்றுப் பார்த்தால் இன்னும் தெரிகிறது.

துடைத்த துணிகளை விரித்துக் கொடியில் போட்டேன். எண்ணெய் ஸ்டெயின் காயும்போது சூடு கிளம்பும். பந்தாகச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே தீப்பற்றலாம். அம்மா அதைத் தோய்த்த உடுப்பு என்று எடுக்கப் போனார்.

பெப்ரவரி 8
இரண்டாவது பூச்சு. பின்னேரம் மழை. பெப்ரவரியில்!

பெப்ரவரி 10
வார்னிஷ். தச்சு பாஸ் போனில் கேட்டது ஒரே கேள்வி: "மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பூசினீங்களா?" பூசவில்லை. யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தேன். பழைய கதவு உக்கத் தொடங்கியதே அடியிலிருந்துதான். மரத்தின் வெட்டுவாய் தண்ணீரை ஸ்ட்ரோ வைத்த மாதிரி உறிஞ்சும். கதவைப் புரட்டிப் போட்டு இரண்டு தரம் அடித்தேன்.

பெப்ரவரி 13
பூட்டு. இங்கேதான் என் மடத்தனம். துளை வெட்டிப் பூட்டைப் பொருத்திப் பார்த்து, கழற்றிவிட்டு அப்புறம் நிறம் பூசியிருக்க வேண்டும். நான் தலைகீழாய்ச் செய்தேன். விளிம்பில் நடுக்கோடு கீறி, வரிசையாகத் துளைபோட்டு, உளியால் சதுரமாக்கினேன். மூன்றாவது தட்டில் உளி வழுக்கி வார்னிஷ் மேல் ஓடியது. கறுப்புக்கு நடுவே ஒரு மஞ்சள் கீறல்.

பித்தளைத் திருகாணி ஒன்றின் தலை முறிந்து கையோடு வந்தது. மற்றவற்றுக்கு முதலில் இரும்பு ஆணியை முறுக்கி வழிசெய்து எடுத்துவிட்டு, பித்தளை ஆணியில் சவர்க்காரம் தடவி ஏற்றினேன். அப்போதுதான் இறங்கியது.

எல்லாம் முடித்துச் சாத்தினால் கதவு சாத்தவில்லை. பூட்டு நாக்கின் சரிவான பக்கம் தப்பான திசையில், உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் சும்மா கேட்கவில்லை. நல்லவேளை, மூடியைக் கழற்றி நாக்கைத் திருப்பிப் போடலாம். இருட்டின பிறகு டக்கென்று பூட்டியது.

பெப்ரவரி 14
கீறலுக்குச் சின்னத் தூரிகையால் நிறம் தொட்டேன். டின்னில் கால்வாசி மீதி. அம்மா சாமித்தட்டையும் டின்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.