ஒட்டுப்போடக் கூடாத அம்பு

உடைந்த அம்பை மூக்கருகே கொண்டுபோனால் இஞ்சி வாசம் வரும். இங்கிலாந்தில் ஒரு சிறிய வில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குத் தெரிந்துகொள்ள முடிந்தது அவ்வளவுதான். அம்புத் தண்டுகள் போர்ட் ஆர்ஃபோர்ட் சீடர் மரத்தில் செய்தவை. அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரையின் தென்பகுதியிலும் அதை ஒட்டிய கலிபோர்னியாவிலும்தான் அந்த மரத்தின் பிறப்பிடம். ரேகை நேராக ஓடும், எடை குறைவு, வளைத்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அந்த வாசத்துக்கு ஊர் நினைப்பு வந்து, வேலையை விட்டுவிட்டு டீ போடப் போய்விடுவேன்.

என் வேலை பழுது பார்ப்பது. வார இறுதிப் போட்டி முடிந்தால் திங்கட்கிழமை மேசைமேல் கட்டுக்கட்டாக அம்புகள் வந்து கிடக்கும். முக்கால்வாசி சுலபமான வேலை. நசுங்கிப்போன இறகை கெட்டில் ஆவியில் கொஞ்ச நேரம் காட்டினாலே சிலிர்த்துக்கொண்டு எழுந்துவிடும். ஆடும் முனையை விளக்கில் சூடாக்கிக் கழற்றி, புதுப் பசை வைத்து மறுபடி மாட்டலாம். தண்டின் நுனிகளைக் கூம்பாகச் சீவ, பென்சில் சீவி போலவே ஒரு கருவி உண்டு. முனைப்பக்கம் 5 டிகிரி, நாண் பொருந்தும் பக்கம் 11 டிகிரி. இதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

தலைவலி தண்டு உடையும்போதுதான். பெரும்பாலும் முனைக்குச் சற்றுப் பின்னால் உடையும். கல்லிலோ வேரிலோ மோதிய முனை அங்கேயே நின்றுவிடுகிறது; பின்னால் வரும் தண்டுக்கு அது தெரியாது, வந்த வேகத்தில் வளைந்து அந்த இடத்தில் முறிகிறது. உடைந்ததை வெட்டிவிட்டுப் புதிதாகக் கூம்பு சீவி முனையை மாட்டினால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அப்படிக் கொடுத்த அம்பை எடுத்துக்கொண்டு ஒருவர் திரும்பி வந்தார். "மற்றவை எல்லாம் நான் பார்க்கும் இடத்துக்குப் போகின்றன. நீங்கள் சரிசெய்தது மட்டும் இடப்பக்கம் போகிறது" என்றார்.

பட்டறை முதலாளி சிரித்தார். தண்டின் விறைப்பை எப்படி அளக்கிறோம்? 26 அங்குல இடைவெளி விட்ட இரண்டு தாங்கிகளில் தண்டை வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பார்க்கிறோம். ஒரு டஜன் அம்புகளையும் அந்த அளவில் ஒத்துப்போகும்படி பொறுக்கித்தான் சேர்க்கிறோம். ஓர் அங்குலம் வெட்டினால் எய்யும்போது அந்த அம்பு விறைத்துக்கொள்ளும். வலக்கைக்காரர் எய்தால் விறைப்பான அம்பு இடப்பக்கம் விலகும். ஆக, நான் உடைசலைச் சரிசெய்து அம்பைக் குடும்பத்திலிருந்து பிரித்துவிட்டேன்.

நீளம் குறையாமல் காப்பாற்ற ஒரு பழைய வழி இருக்கிறது. தண்டின் நுனியை நீண்ட ஆப்பாகச் செதுக்க வேண்டும். கெட்டி மரக் குச்சி ஒன்றில் அந்த ஆப்புக்கு ஏற்றபடி பிளவு அறுத்து, பசை தடவி, ஆப்பை உள்ளே செருகி, நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். மறுநாள் இழைப்புளியால் சீவி, உப்புத்தாள் போட்டு உருட்டையாக்கினால், வெளிர் மரத்துக்குள் கருஞ்சிவப்பு மரம் இரண்டு நாக்காக நீண்டிருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. முதல் வருடம் நான் ஆசைப்பட்டு நான்கு நாக்கு வைத்துச் செய்துகொண்டிருந்தேன். ரோஜர் ஆஸ்கம் என்ற ஆங்கில அறிஞர் 1545இல் வில்வித்தை பற்றி எழுதிய 'டாக்சோஃபிலஸ்' நூலில் இதைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது: இரண்டு நாக்கு போதும், அதிகம் வைத்தால் மண்ணின் ஈரம் உள்ளே இறங்கிப் பசையைத் தளர்த்திவிடும், கண்ணுக்கு அழகே தவிரப் பயன் இல்லை என்று. என்னைப் பார்த்தே எழுதியது போல இருந்தது. இன்றைய பசைகளுக்கு ஈரம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஆனாலும் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். இந்த ஒட்டிலும் முன்பக்கம் கனம் கூடும் என்பதால், அம்பு மற்றவற்றோடு சரியாகச் சேர்வதில்லை, பயிற்சிக்கு ஆகும்.

இவ்வளவும் கற்ற பிறகுதான் பெரிய தப்பைச் செய்தேன். ஒரு தண்டில் தலைமுடி அளவு விரிசல். ரேகை சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறும் இடம் அது. பசையை உள்ளே இறக்கி, பட்டு நூல் சுற்றி, மெழுகு தேய்த்துக் கொடுத்துவிட்டேன். கையில் வைத்துப் பார்த்தால் புதிது மாதிரி இருந்தது. அடுத்த சனிக்கிழமை, நாணை விட்ட கணத்தில் அது வில்லிலேயே பிளந்தது. சிராய் ஒன்று எய்தவருடைய இடக்கைக் கையுறையைக் கிழித்துக்கொண்டு போனது. கையுறை இருந்ததால் தப்பினார். இரண்டு துண்டையும் என் மேசையில் வைத்துவிட்டு, "இந்தச் சுற்று நூல் பிரமாதம்" என்றார். கோபித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்கு முதலாளி என்னைத் திட்டவில்லை. ஒரு கட்டு அம்பைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி வளைத்துக் கேட்கச் சொன்னார். நல்ல தண்டு ஓசையே எழுப்பாது. கெட்டதில் நகம் சொடுக்குவது போல ஒரு சின்ன 'டிக்'. காதுக்குப் பிடிபட எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. முனைக்குப் பின்னால் உடைந்தால் ஒட்டலாம். நடுத்தண்டில் 'டிக்' கேட்டால் எவ்வளவு சின்ன விரிசலாக இருந்தாலும் ஒட்டக் கூடாது என்பதே இப்போது என் கணக்கு.

ஒட்டாமல் திருப்பிக் கொடுத்தாலும் ஆபத்து. "ஒரே ஒரு தடவை" என்று யாராவது எய்து பார்ப்பார்கள். அதனால் வாடிக்கையாளர் கண்முன்னாலேயே ரம்பத்தை எடுத்து இரண்டாக அறுத்துவிடுகிறேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். போன வாரம் ஒருவர் பன்னிரண்டு அம்பு கொண்டுவந்தார், மூன்றை அறுத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் அறுத்த துண்டுகளைத் தோட்டத்துப் பட்டாணிக் கொடிக்கு ஊன்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். முனைகளைச் சூடாக்கிக் கழற்றிச் சின்ன உறையில் போட்டு, துண்டுகளோடு சேர்த்துக் கொடுத்தேன்.