லெவின் கைமாறும் வரை

பங்குனி 4
வாடை ஓய்ந்தாச்சு, இனி டொயோட்டா லெவினை விற்கவேணும். திருகோணமலை உப்புவெளியில் கடலோரம் நின்ற கார் என்றால் வாங்க வாற ஆள் பெயின்ரைப் பார்க்கமாட்டான், பின் மட்காட்டின் உள்மடிப்பில் விரலை விட்டுப் பார்ப்பான். உப்பு அங்கேதான் தங்கும். நல்ல தண்ணி அடித்து, காயவிட்டு, துருவைச் சுரண்டி அப்படியே படம் எடுத்தாச்சு. அண்டர்சீல், அதுதான் அடியில் பூசுகிற துருத்தடுப்பு, பூசவில்லை. விற்கிற நேரத்தில் புதுசாய்ப் பூசினால் எதையோ மறைக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

பங்குனி 6
கொம்பிரெஷன், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்குது என்று பார்க்கிற சோதனை. எஞ்சின் சூடாய் இருக்கவேணும், நாலு பிளக்கும் வெளியே, பெற்றோலும் கரண்டும் துண்டிப்பு, அக்சிலேட்டர் அடிமட்டும் மிதி. இந்த பிளாக்டொப் எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு துரொட்டில், காற்றுக் கதவு. மிதிக்காமல் அடித்தால் வாசிப்புக் குறைத்துத்தான் காட்டும். சிலிண்டர்களுக்கிடையே 14 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் கூடாது. இதில் அவ்வளவு இல்லை.

பங்குனி 7
காலையில் அந்தச் சத்தம். விவிடி புல்லி, வால்வு திறக்கிற நேரத்தை மாற்றுகிற சக்கரம். டீசல் லொறி மாதிரி.

பங்குனி 10
விளம்பரத்தின் முதல் வரி: கழற்றின கம்பனி ஸ்பிரிங், ஷொக், ஏர் பொக்ஸ் எல்லாம் பெட்டியில் இருக்கு. பதிலாய் மாட்டின கொயிலோவர் ஸ்பிரிங்-ஷொக்குக்கும் ரிம்முக்கும் போட்ட காசு திரும்பாது. பழைய சாமானுக்குத்தான் விலை ஏறும். 95 ஒக்டேன் பெற்றோல் மட்டும் என்பதும் போடவேணும். கொம்பிரெஷன் விகிதம் 11:1, 92 அடித்தால் நொக் பண்ணும், எஞ்சின் உள்ளே தட்டும்.

பங்குனி 13
புரோக்கர் சொல்கிறார், "அண்ணை, ஆள் வர முதல் சூடாக்கி வையுங்கோ." மாட்டேன். பொனட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு அந்த ஆளே ஸ்டார்ட் பண்ணட்டும். ஒயில் ஏறச் சத்தம் அடங்கினால் புல்லி. சூடான பிறகும் அடியிலிருந்து தட்டினால் பேரிங், அது வேறு விலை.

பங்குனி 16
பார்க்க வந்த கிண்ணியா ஆளுக்குப் பிடித்திருக்கு. நிலாவெளி வீதியில் ஓட்டக் கொடுக்க முதல் லைசன்ஸைப் படம் எடுத்தாச்சு. சிஆரில், பதிவுச் சான்றிதழில், உள்ள எஞ்சின் நம்பர், சேஸி நம்பர் இரண்டையும் டோர்ச் அடித்துக் காட்டினது நல்லது. மாற்றம் செய்த கார் என்றால் எல்லாருக்கும் முதல் சந்தேகம் அதுதான்.

ஆனால் ஓப்பன் பேப்பர் கேட்கிறார். வெறும் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் கார் எத்தனை கை மாறும் என்று யாருக்குத் தெரியும்? எங்கேயாவது இடிபட்டால் பொலிஸ் தேடி வாறது சிஆரில் பெயர் உள்ளவனை. பெயர் மாற்றுகிற படிவம் எம்டிஏ 6, எம்டிஏ 8 இரண்டிலும் அவருடைய பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், திகதி எழுதின பிறகுதான் கையெழுத்து. 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டியது விற்றவன்.

பங்குனி 18
செக் வேண்டாம். வங்கிக்கு இரண்டு பேரும் போய், கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகு சாவி.

பங்குனி 19
இன்று காலையில் புல்லிச் சத்தமே இல்லை. ஏன்?

பங்குனி 21
ஐசி பிரதி இன்னும் வரவில்லை. "அண்ணை, மச்சான்ர பேரில எழுதலாமா" என்று கேட்கிறார். மச்சான் வந்து...