எட்டு நாள்

மே 2, வெள்ளி
இவருடைய இதய வால்வு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். 12, திங்கள். வீட்டுக்கு வந்ததும் இவர் கிடாரை எடுத்துச் சுருதி சேர்க்க உட்கார்ந்துவிட்டார். நான் சோறு வைத்தேன்.

மே 3
தூக்கமே இல்லை. அமெரிக்கப் பாடகி ஜூன் கார்ட்டருக்கும் இதய வால்வுதான். 2003 மே 7 ஆபரேஷன், 15ஆம் தேதி போய்விட்டார். எட்டு நாள். இவரிடம் இதைப் பேசவில்லை. அவருக்குத் தெரியாததா? ஜூனையும் அவர் கணவர், பாடகர் ஜானி கேஷையும் பற்றிய கதையை எனக்குச் சொன்னதே இவர்தான்.

மே 6
ஓல்ட் ஹிக்கரி ஏரிப் பக்கம் போய்வந்தோம். அங்கே ஜானியும் ஜூனும் வாழ்ந்த வீடு 2007 ஏப்ரலில் எரிந்துபோனது. ஆனாலும் அந்த இடத்தைத் தாண்டும்போது இவர் காரை மெதுவாக்குவார். வழக்கம்போல அவர்களுடைய ‘ஜாக்சன்’ ஆரம்பித்தோம். புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறிச் சண்டை போடுகிற பாட்டு. அதற்குக் கிராமி வாங்கின மறுநாள், 1968 மார்ச் 1, அவர்களுக்குக் கல்யாணம். பாதியில் இவருக்கு மூச்சு வாங்கியது. நானும் நிறுத்திவிட்டேன். அதை ஒருத்தியாய் எப்படிப் பாடுவது?

மே 9
2003 ஜூலை 5தான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜூன் போய் ஐம்பத்தோரு நாள். வர்ஜீனியாவில், ஹில்டன்ஸில், ஜூனுடைய சொந்த ஊர்ப் பக்கத்து மேடையில் ஜானி உட்கார்ந்து பாடினார். ‘ரிங் ஆஃப் ஃபயர்’ பாடினார். ஜூனும் மெர்ல் கில்கோரும் சேர்ந்து எழுதியது, முதலில் ஜூனின் தங்கை அனிதா பாடியது. எழுதியவள் இல்லாத மேடையில் அந்த வரிகளை எப்படி வாயில் எடுத்தார்? அதுதான் அவருடைய கடைசி மேடை. செப்டம்பர் 12 அவரும் போய்விட்டார். 120 நாள். என்ன காதல் பார் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! இனிமேல் சொல்ல மாட்டேன். அந்த 120 நாளில் பெரும்பாலும் அவர் ரெக்கார்டிங் செய்துகொண்டே இருந்தார். விடிந்தால் ஏதாவது ஒரு பாட்டு வேண்டியிருந்திருக்கும். எனக்கு நினைக்கவே பயமாக இருக்கிறது.

மே 12
மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். கட்டைவிரலில் போட்டிருக்கிறேன்.
மாலை 4.10. முடிந்தது. நன்றாக இருக்கிறாராம்.

மே 13
தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். “தண்ணி” என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது.

மே 15
இன்று எதுவும் எழுதப்போவதில்லை.

மே 16
இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு சிவப்புத் தலையணை கொடுத்திருக்கிறார்கள். மூச்சை இழுத்துப் பழக ஒரு கருவி. இழுத்தால் உள்ளே ஒரு வில்லை ஏறும். 750ஐத் தாண்டவில்லை. மேடையில் நாலு வரியை ஒரே மூச்சில் பாடுகிறவர்.

மே 17
பாட்டு நோட்டைக் கேட்டார். மெட்டு அவருடையது, வரிகள் என்னுடையவை. இரண்டாவது சரணம் பொங்கலிலிருந்தே பாதியில் கிடக்கிறது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மூன்றாவது வரியில் விரலை வைத்து, “இது நீளம்மா. நடுவில் மூச்சு விட இடம் வை” என்றார்.
கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மே 19
ஏழு. சாயங்காலம் காய்ச்சல், 100.8. ரத்தம் எடுத்துப்போனார்கள்.

மே 20, செவ்வாய்
எட்டு.
காய்ச்சல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ரத்த ரிப்போர்ட் மதியம் வரும் என்றார்கள். காலையில் வில்லை 1000 வரை ஏறியது. மூன்றாவது வரியை இரண்டாக உடைத்துவிட்டேன். தூங்குகிறார். எழுந்ததும் காட்ட வேண்டும்.