காதல் சிலைக்கு முன்னால் ஒரு க்யூ

பிலடெல்பியாவில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிற யாரும் லவ் பார்க்கைத் தவிர்க்க முடியாது. ஆற்றங்கரை, பழைய செங்கல் சந்துகள், மியூசியத்தின் தூண்கள் என்று நான் எத்தனை இடம் காட்டினாலும், ஜோடிகள் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "அந்தச் சிலைகிட்ட ஒண்ணு எடுத்துடலாமா?"

எல், ஓ மேலே. வி, ஈ கீழே. ஓ மட்டும் சற்றுச் சாய்ந்திருக்கும். ராபர்ட் இந்தியானா என்ற ஓவியர் செய்த அலுமினியச் சிலை அது. பூங்காவின் அரசாங்கப் பெயர் ஜான் எஃப். கென்னடி பிளாசா. அந்தப் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை.

எதிரிலேயே சிட்டி ஹால். கல்யாண லைசென்ஸ் அங்கேதான் வாங்க வேண்டும். விண்ணப்பித்துவிட்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்பது பென்சில்வேனியா சட்டம். இந்த மாநிலத்தில் இன்னொரு வசதியும் உண்டு. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழக்கத்திலிருந்து வந்த ஒரு லைசென்ஸ்; அதை வாங்கினால் பாதிரியாரும் வேண்டாம், நீதிபதியும் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் கல்யாணம் முடிந்தது. வரவேண்டிய சாட்சி டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ள, கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நானே கையெழுத்துப் போட்டதும் உண்டு. கூலியில் அதையும் சேர்த்திருக்கலாம் என்று என் கணவர் இன்றும் கிண்டல் செய்வார்.

படம் எடுப்பவருக்கு இது அவ்வளவு சுலபமான சிலை இல்லை. எழுத்துகள் ஒரு உயரமான சட்டத்தின் மேல் இருக்கின்றன. ஆட்கள் அதன் கீழே நிற்க வேண்டும். நான்கு எழுத்தும் முழுசாக வர வேண்டும் என்று பின்னால் போனால் முகம் கடுகாகிவிடும். முகத்துக்காக முன்னால் போனால் 'வி, ஈ' மட்டும்தான் மிஞ்சும். சிலைக்குப் பின்னால் பார்க்வே என்ற அகலமான சாலை நேராக ஓடி, தூரத்தில் மியூசியம் தெரியும். அதையும் சட்டத்தின் கால்களுக்கு நடுவில் பிடிக்க வேண்டும் என்றால் கேமரா தரையோடு தரையாக இறங்க வேண்டும். புடவையோடு வேலைக்குப் போவதை நான் நிறுத்தியது அதனால்தான். கேமரா வடமேற்கைப் பார்ப்பதால் காலையில் வெளிச்சம் நம் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் சூரியன் லென்ஸுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் ஜோடிகள் வருவதென்னவோ மாலையில்தான்.

அப்புறம் க்யூ. கயிறு கிடையாது, காவலர் கிடையாது; ஆனாலும் வரிசை தானாக உருவாகிவிடும். பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவருக்குப் படம் எடுத்துக் கொடுப்பார், பிறகு தன் போனை அடுத்தவரிடம் நீட்டுவார். தொழில்காரி என்று எனக்குத் தனிச் சலுகை இல்லை. சில நிமிடங்களுக்கு மேல் நின்றால் முனகல் கேட்கும். கோயம்புத்தூரிலிருந்து மகன் கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர் வரிசையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த நாலு எழுத்துக்கா இவ்ளோ கூட்டம்? இதைச் செஞ்சவர் கோடீஸ்வரர் ஆகியிருப்பாரே?" என்று கேட்டார்.

இந்த வடிவத்தை அச்சடித்து விற்றவர்களின் காசில் பெரும்பகுதி அவருக்கு வரவில்லை. அதுதான் இந்தச் சிலையில் என்னை விடாமல் உறுத்துகிற விஷயம். 1965இல் நியூயார்க்கின் மோமா என்ற நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக இந்த வடிவத்தைச் செய்து கொடுத்தார் இந்தியானா. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளியிடும் படைப்பில் காப்புரிமைக் குறி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமை போனதுதான். அவர் அந்தக் குறியைப் போடவில்லை. கோப்பை, சட்டை, சாவிக்கொத்து என்று ஊரே அச்சடித்து விற்றது. 1973இல் தபால் துறை 8 சென்ட் தபால்தலை வெளியிட்டது. 30 கோடிக்கும் மேல் அச்சானது. 1978இல் அவர் நியூயார்க்கை விட்டு மெயின் மாநிலத்தில் வைனல்ஹேவன் என்ற தீவுக்குக் குடிபோனார். 2018இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார்.

எனக்கு இது வெறும் கதை இல்லை. நான் எடுத்த ஒரு மணப்பெண்ணின் படம், அதே சிலையின் கீழே அரக்குப் பட்டில் சிரிக்கிற படம், ஒரு புடவைக் கடையின் விளம்பரத்தில் வந்தது. பெண்ணும் அனுமதி தரவில்லை, என்னையும் கேட்கவில்லை. எழுதிக் கேட்டேன். "நெட்டில் இருந்தது, எடுத்தோம்" என்று ஒரு வரி பதில். இன்றைய சட்டத்தில் ஷட்டரை அழுத்திய நொடியிலேயே உரிமை என்னுடையது. குறி எதுவும் போட வேண்டியதில்லை. ஆனால் கடைக்காரரிடமிருந்து காசு வாங்க வழக்கறிஞரிடம் போனால், அவர் கேட்கும் தொகையில் நான் இன்னொரு லென்ஸ் வாங்கிவிடுவேன். விளம்பரத்திலிருந்து படத்தை நீக்கிவிட்டார்கள், பணம் தரவில்லை. அன்றிலிருந்து என் ஒப்பந்தத்தில், யார் எங்கே எதற்குப் படத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. ஜோடிகள் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள், பரவாயில்லை.

சிலையும் இங்கே சும்மா நிலைத்துவிடவில்லை. அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டுக்காக 1976இல் வைத்தார்கள். 1978இல் கழற்றிக்கொண்டு போனார்கள். ஊர் முணுமுணுத்தது. நகரக் கலை ஆணையத்தின் தலைவர் ஃபிட்ஸ் யூஜின் டிக்ஸன் தன் பணத்தில் வாங்கி ஊருக்குக் கொடுத்தார். நடுவில் ஒரு முறை வண்ணம் பூசியபோது பக்கவாட்டில் கத்தரிப்பூ நிறத்துக்குப் பதில் நீலத்தைப் பூசிவிட்டார்கள். பூங்காவைப் புதுப்பித்து 2018 பிப்ரவரி 13 அன்று, காதலர் தினத்துக்கு முதல்நாள், சிலையைத் திரும்ப வைத்தபோதுதான் சிவப்பு, பச்சையோடு பழைய கத்தரிப்பூவும் வந்தது. நீலத்தோடு எடுத்த பழைய படங்களைப் பார்த்து, "எங்களுக்கும் இந்தக் கலர் வருமா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வராது.

புதுப்பித்ததில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. முன்பு அங்கே கருங்கல் படிகளும் விளிம்புகளும் இருந்தன. ஸ்கேட்போர்டு பையன்களுக்கு அது உலகப் புகழ் பெற்ற இடம். மாநகராட்சி தடை போட்டபோது, இந்தச் சதுக்கத்தின் யோசனைக்கே சொந்தக்காரரான எட்மண்ட் பேகன், 92 வயதில், 2002இல், எதிர்ப்பாக அங்கே வந்து ஸ்கேட்போர்டில் ஏறினார். இன்று இடம் தட்டையாக, சுத்தமாக இருக்கிறது. படத்துக்கு நல்லதுதான், ஆனால் பின்னணியில் அந்தப் பையன்கள் பறந்துகொண்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அவசரம் என்றால் நான் ஜோடிகளை பார்க்வேயில் கொஞ்சம் மேலே, சிஸ்டர் சிட்டீஸ் பார்க்குக்கு அழைத்துப்போவேன். அங்கே இந்தியானாவின் 'அமோர்' நிற்கிறது; ஸ்பானிஷில் காதல் என்று அர்த்தம். அதே கை, அதே சாய்ந்த ஓ, வெளிச்சமும் பரவாயில்லை. பெரும்பாலும் க்யூவே இருக்காது. படங்களை அனுப்பினால் இரண்டு நாளில் பதில் வரும்: "ரொம்ப நல்லா இருக்குக்கா. ஆனா இன்னொரு நாள் அந்த மெயின் சிலைகிட்ட எடுத்துடலாமா?" அதற்கும் என்னிடம் இப்போது தனிக் கட்டணம் இருக்கிறது.