சதவீதத்தை வைத்து மண்ணைப் பற்றி முடிவெடுக்காதீர்கள்

தேயிலை மண்ணின் நுண்ணுயிர்களை ஆராயும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளைக் கத்தரித்த) மலைக்கு, அதாவது தோட்டத்தின் ஒரு பகுதிக்கு, மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்க டொலமைட் என்ற சுண்ணாம்பு வகைத் தூளைப் போடுவார்கள், நீங்கள் போடுமுன்னும் பின்னும் மண் எடுத்து, பக்டீரியாக்களை இனங்காண உதவும் 16எஸ் மரபணுவை வரிசைப்படுத்தி, எந்த பக்டீரியா எத்தனை சதவீதம் என்று பார்த்து, "இந்த இனம் பாதியாகக் குறைந்துவிட்டது" என்று அறிக்கையில் எழுதிவிடுகிறீர்கள். உண்மையில் குறைந்ததா? சதவீதத்தை வைத்து அதைச் சொல்லவே முடியாது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சிட்டிகை மண்ணில் மூன்று பக்டீரியா இனங்கள், அ 100, ஆ 100, இ 200 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆ 25 சதவீதம். டொலமைட் போட்டபின் அ மட்டும் 500 ஆகிறது, மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. இப்போது ஆ 12.5 சதவீதம்! ஒரு உயிர்கூடச் சாகவில்லை, அறிக்கையில் மட்டும் பாதி செத்துப்போயிற்று. இயந்திரம் தரும் வாசிப்புகளின் (அது படித்த மரபணுத் துண்டுகளின்) மொத்தத்துக்கும் மண்ணில் உள்ள மொத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் காரணம். இப்படிப்பட்ட விகிதங்களுக்கு இடையே பொய்யான தொடர்பு தோன்றும் என்று புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1897இலேயே எச்சரித்திருக்கிறார்.

ஆனால் ஆ-வுக்கும் இ-க்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள், முன்னும் 1:2, பின்னும் 1:2. புள்ளியியலாளர் ஜோன் எயிச்சிசன் 1982இல் முன்வைத்த வழி இதுதான், பங்குகளை விட்டுவிட்டு விகிதங்களின் மடக்கையை எடுப்பது. ஒவ்வொரு எண்ணையும் அந்த மாதிரியின் பெருக்கல் சராசரியால் (எல்லா எண்களையும் பெருக்கி, எத்தனை எண்ணோ அத்தனையாம் மூலம் எடுத்தால் வருவது) வகுத்து மடக்கை எடுப்பது இப்போது வழக்கம். பூச்சியத்துக்கு மடக்கை கிடையாது, அதனால் சிறு எண் ஒன்றைக் கூட்டுவார்கள். எதைக் கூட்டினீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள், அரிய இனங்களின் முடிவு அதைப் பொறுத்தே மாறிவிடும். இதற்குப் பிறகும் "மண்ணில் கூடியது, குறைந்தது" என்று சொல்ல ஆசையென்றால் கியூபிசிஆர் (மரபணுப் பிரதிகளின் எண்ணிக்கையை அளக்கும் சோதனை) செய்து மொத்த அளவையும் எடுக்கத்தான் வேண்டும்.

அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. ஒரே மலையில் இருபது இடத்தில் தோண்டினால் இருபது மாதிரி கிடைக்கும், சரி, ஆனால் டொலமைட் போட்ட மலை ஒன்றுதானே, மாற்றம் டொலமைட்டால் வந்ததா அந்த மலையால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? அங்கேயும் மழை மேட்டு மண்ணைப் பள்ளத்துக்கு அடித்துக்கொண்டு போயிருக்கும், அதனால் அந்த இருபதும் தனித்தனி அல்ல. எந்த மென்பொருளாலும் இந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது. தோட்டத்தில் வருடாவருடம் வேறு வேறு மலைகள் கவ்வாத்துக்கு வரும், மண் எடுக்கப் போகுமுன் துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) அந்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள், டொலமைட் போடாமல் ஓரிரு மலைகளை விட்டுவைக்க முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள்.