12 பாகை உயரத்தில் ஒரு நட்சத்திரம்

ஆகஸ்ட் 12, 2025

விடியற்காலை ஐந்து மணிக்குப் பாட்டியுடன் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போனேன். கிழக்கே வெள்ளியும் வியாழனும் சுண்டுவிரல் அகல இடைவெளியில் நின்றன. "விடிவெள்ளிக்குத் துணை வந்திருக்கிறது" என்றார் பாட்டி. மதியம் வானியல் வகுப்பில் பேராசிரியை கரும்பலகையில் வரைந்து காட்டினார்: இன்று வியாழன், வெள்ளியைப்போல் நாலு மடங்குக்கும் மேலான தொலைவில் இருக்கிறது. அருகருகே தெரிவது அருகில் இருப்பதல்ல. அப்படியானால் தூரத்தை எப்படித்தான் அறிவது? இந்தப் பருவம் முழுக்க அதைத்தான் படிக்கப்போகிறோமாம்.

ஆகஸ்ட் 21

நிழலில்லா நாள். கல்லூரி மொட்டை மாடியில் ஒரு குழாய்த் துண்டை நிமிர்த்தி வைத்தோம். 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் அதன் நிழல் காலடிக்குள் ஒடுங்கிக் காணாமல் போயிற்று. புதுச்சேரியின் அட்சரேகை ஏறக்குறைய 11.9 பாகை. பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால் ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. டெல்லிக்கு இந்த வாய்ப்பு என்றுமே இல்லை.

ஆகஸ்ட் 29

முதல் தேர்வில் 20-க்கு 9. அடுத்த ஆண்டு இந்தப் பாடத்தை எடுக்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: நட்சத்திரப் பெயர்களை மனப்பாடம் செய்வது இங்கே மிகச் சிறிய பங்கு. மீதியெல்லாம் கணக்கு. பிளஸ் டூ முக்கோணவியலும் மடக்கையும் கைவசம் இருந்தால் போதும். நான் சறுக்கியது, நட்சத்திரத்தின் வெளிச்சத்தை எண்ணால் குறிக்கும் ஒளிர்வு அளவில். அதில் எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம். ஐந்து எண் வித்தியாசம் என்றால் 100 மடங்கு.

செப்டம்பர் 7, நள்ளிரவு கடந்து

முழு சந்திர கிரகணம். 11 மணிக்கு நிலா முழுவதும் நிழலுக்குள் போனது. மேகம் வந்து வந்து மறைத்தது. சற்றே விலகியபோது செம்புத் தட்டுப்போல் தெரிந்தது. பூமியின் காற்றுமண்டலம் வளைத்து அனுப்பும் சிவப்பு ஒளி அது.

மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்த எங்களுக்குப் பேராசிரியை, லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வானியலாளரின் கதையைச் சொன்னார். சூரியனை வெள்ளி கடப்பதை அளந்தால் சூரியனின் தூரம் கிடைக்கும் என்று பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டவர். 1761-இல் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்திருந்ததால் கரையிறங்க முடியவில்லை. ஆடும் கப்பலிலிருந்து அளக்க வழியில்லை. எட்டு ஆண்டுகள் இந்தப் பக்கத்திலேயே காத்திருந்தார். 1769 ஜூனில், இதே புதுச்சேரியில், அந்தக் காலைப் பொழுதில் மட்டும் மேகம் மூடிவிட்டது. ஊர் திரும்பினால், இறந்துவிட்டதாக முடிவுசெய்து சொத்தைப் பங்கிடப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் அவர் வெறுங்கையோடு போகவில்லை. சோழிகளை நகர்த்தியே கிரகணம் கணிக்கும் தமிழர் முறையை இங்கே கற்று எழுதிவைத்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. நாங்கள் இழந்தது சில நிமிடங்கள்தான்.

செப்டம்பர் 20

காலாப்பட்டுக் கடற்கரை. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. நீட்டிய கையில் மடக்கிய முஷ்டி 10 பாகை. வடக்கே, கடல்மட்டப் புழுக்கத்துக்கு மேல், மங்கலாக அது நின்றது: ஒரு முஷ்டி, அதன்மேல் ஒரு விரல்.

டெல்லியில் இருக்கும் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து மாடிக்குப் போகச் சொன்னேன். வெகுநேரம் தேடிவிட்டு, "மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது, சரியா?" என்றான்.